குழாய் வாஷரில் பிறந்த வானொலி

வீட்டுக் குழாய் ஒழுகினால் சித்தூர்க் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்குப் போகிறோம். சில்லறைக் காசு கொடுத்து ஒரு வாஷர் வாங்கி வருகிறோம். ஒழுக்கு நின்றதும் அந்த வாஷரை மறந்துவிடுகிறோம்.

அதே வாஷரின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதை ஒரு வானொலிக் கருவிக்குள் வைத்து, கடல் கடந்த நாடுகளில் இருப்பவர்களோடு பேசலாம் என்று ஒருவர் செய்து காட்டினார். அவர் சீமை விஞ்ஞானி அல்ல. நம் ரயில் போய்த் திரும்புகிற ஐதராபாத்தைச் சேர்ந்தவர். பெயர் ஆஷ்ஹர் ஃபர்ஹான். வானொலி அன்பர்களிடையே அவருக்கு வழங்கும் அடையாளப் பெயர் வி.யு.2 இ.எஸ்.இ.

2000-க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் அவர் வரைந்து, எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்ட கருவிக்கு 'பிட்எக்ஸ் 20' என்று பெயர். அந்தப் படத்தைப் பார்த்துப் பல நாடுகளில் ஏராளமானோர் தங்கள் கையாலேயே கருவி செய்துகொண்டனர். மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிற குமாஸ்தாவும், பட்டறைத் தொழிலாளியும் எட்டிப் பிடிக்கக்கூடிய பொழுதுபோக்காக அமெச்சூர் வானொலி மாறியதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

'ஹாம்' என்பவர் யார்?

லாபம் கருதாமல், அரசாங்க அனுமதி பெற்று, வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்களை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள். இந்தியாவில் 1921-ஆம் ஆண்டிலேயே அமரேந்திர சந்திர குப்தா என்ற வங்காளி இதற்கு உரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது உரிமங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டு, போர் முடிந்த பிறகு திரும்ப வழங்கப்பட்டன.

ஹாம்கள் சினிமாப் பாட்டு ஒலிபரப்பக் கூடாது. வியாபாரப் பேச்சு கூடாது. பிறருக்குப் புரியாத ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. நலம் விசாரிக்கலாம், கருவியைப் பற்றியும், ஏரியலைப் பற்றியும், வானிலையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசலாம். அதில் என்ன சுவை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். தூண்டில் போடுகிறவனைப் பார்த்து, 'மார்க்கெட்டில்தான் மீன் விற்கிறதே' என்று சொன்னால் அவன் என்ன சொல்வான்?

மூர் மார்க்கெட் காலம்

வால்வு காலத்தில் சென்னை ஹாம்களுக்குச் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் ஒரு புகலிடம். பழைய புத்தகம் மட்டுமல்ல, பழைய ரேடியோ சாமான்களும் அங்கே கிடைத்தன. 1985-ல் அது தீக்கிரையானது. போருக்குப் பின் ராணுவம் கழித்துக் கட்டிய சாமான்கள் நாடெங்கும் கைமாறின. 807 என்ற வால்வை வைத்து டிரான்ஸ்மிட்டர் செய்யாத பழைய ஹாம் அபூர்வம். பல நூறு வோல்ட்டில் வேலை செய்த கருவிகள் அவை. கை பட்டால் ஆள் பிழைப்பது அதிர்ஷ்டம்.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த அபாயம் குறைந்தது. ஆனால் வேறு தொல்லை வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் அழகழகான வரைபடங்கள் வரும். செய்யலாம் என்று உட்கார்ந்தால், பட்டியலில் ஏதாவது ஓர் உறுப்பு இங்கே கிடைக்காது. பெரும்பாலும் அது 'டோராய்டு' எனப்படும் வளையமாக இருக்கும். இரும்புத்தூளை அழுத்திச் செய்த சிறு வளையம். அதன் மேல் கம்பி சுற்றினால் நல்ல காயில் ஆகும். அமெரிக்காவிலிருந்து தருவிக்க வேண்டும். வளையத்தின் விலையைவிடத் தபால் செலவும் சுங்கமும் கூடுதல். அந்த ஒரு வளையத்துக்காகப் பாதியில் நின்று, பரணில் ஏறிய கருவிகள் எத்தனையோ! நம்மவர்களுக்கு அறிவு குறைவில்லை, கைத்திறனும் குறைவில்லை. வளையம்தான் இல்லை.

ஃபர்ஹான் செய்த காரியம் இந்த இடத்தில்தான் பெரிதாகிறது. டோராய்டு இல்லையா, குழாய் வாஷரில் சுற்று என்றார். வேறு சில இடங்களுக்கு டி.வி. ஏரியல் பெட்டிக்குள் இருக்கும் 'பாலன்' துண்டு போதும் என்றார். ஒலியை வடிகட்டுவதற்கு விலையுயர்ந்த பில்ட்டரை வாங்காமல், கம்ப்யூட்டர் பலகைகளில் போடுகிற 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் நான்கை வரிசையாக இணைத்தார். கடைசியில் ஏரியலுக்குச் சக்தி கொடுப்பதற்கு ஐ.ஆர்.எஃப். 510 என்ற மாஸ்ஃபெட். அது வானொலிக்காகச் செய்த உறுப்பே அல்ல. பவர் சப்ளைகளில் சுவிட்ச் போல வேலை செய்வதற்காகச் செய்த மலிவான சாமான்.

ஒற்றை ரயில் பாதை

'பிட்எக்ஸ்' வேலை செய்யும் விதம் ரயில்வே ஊழியர்களுக்கு எளிதில் புரியும். சாதாரணமாக, கேட்பதற்கு ஒரு சர்க்யூட், பேசுவதற்கு வேறொரு சர்க்யூட் என்று இரட்டைப் பாதை போடுவார்கள். ஃபர்ஹான் ஒற்றைப் பாதை போட்டார். கேட்கும்போது சமிக்ஞை ஏரியலிலிருந்து உள்ளே வருகிறது. பேசும்போது அதே பாதையில், அதே பில்ட்டர் வழியாக, எதிர்த்திசையில் வெளியே போகிறது. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது. எதிர் வண்டி வந்து சேரும்வரை இந்த வண்டி நிற்கும். உறுப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன.

14 மெகாஹெர்ட்ஸில் வருகிற குரலை, கருவிக்குள்ளேயே உண்டாக்கும் சுமார் 4 மெகாஹெர்ட்ஸோடு கலந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 10 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். நான்கு கிரிஸ்டல்களும் வாசற்காவலர் போல் நின்று, வேண்டிய குரலை மட்டும் உள்ளே விட்டு, பக்கத்தில் நெருக்குகிறவர்களைத் தள்ளிவிடும்.

வெளியே போகும் சக்தி சுமார் 6 வாட். வீட்டில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்பைவிடக் குறைவு! இதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் எப்படிப் போகும்? தரையிலிருந்து வெகு உயரத்தில் அயனமண்டலம் என்ற மின்னேறிய காற்றடுக்குகள் உள்ளன. சிற்றலை அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்குத் திரும்புகிறது. அதனால்தான் கொழும்பு வானொலியும் பி.பி.சி.யும் அந்தக் காலத்தில் நம் வீட்டுக் கூடத்தில் ஒலித்தன.

பின்னாளில் ஃபர்ஹானே 'பிட்எக்ஸ் 40', 'மைக்ரோ பிட்எக்ஸ்' என்று முக்கால்வாசி முடிந்த பலகைகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கண்ணில் பவர் குறைந்தவர்களுக்கு அது வசதி. ஆனால் வாஷரில் கம்பி சுற்றியவனுக்குத் தெரிந்தது பலகை வாங்கியவனுக்குத் தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கே தொடங்குவது?

ஆசை வந்தவுடன் டிரான்ஸ்மிட்டரில் கை வைப்பது தவறு. முதலில் கேட்கப் பழக வேண்டும். அனுமதி இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். 'சும்மா ஒரு நிமிஷம் பேசிப் பார்த்தேன்' என்ற சமாதானம் செல்லாது.

முதல் முயற்சிக்கு 7 மெகாஹெர்ட்ஸ் 'டைரக்ட் கன்வர்ஷன்' ரிசீவர் ஏற்றது. அமெரிக்காவில் வெஸ் ஹேவர்டு, டிக் பிங்ஹாம் என்ற இருவர் 1968-ல் 'கியூ.எஸ்.டி.' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவியது. சுருதி சேராத இரண்டு நாயனங்கள் சேர்ந்து ஊதினால் 'உம் உம்' என்று ஓர் அதிர்வு கேட்குமே, அதுதான் இதன் தத்துவம். ஏரியலில் 7,100 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. கருவிக்குள் 7,099 கிலோஹெர்ட்ஸ் உண்டாக்குகிறோம். வித்தியாசம் 1 கிலோஹெர்ட்ஸ். அது காதுக்குக் கேட்கும். நாலைந்து டிரான்சிஸ்டர்களும் ஓர் இயர்போனும் இருந்தால் போதும்.

உதிரி உறுப்புகளுக்குத் திருப்பதி அன்பர்கள் சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம். சென்ட்ரலில் இறங்கினால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். பட்டியலைத் தமிழில் எழுதி எடுத்துப் போவதைவிட உறுப்பின் எண்ணை அப்படியே எழுதிப் போவது நல்லது. ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வாங்குங்கள். பத்து ரூபாய்ச் சாமானுக்காக மறுபடியும் ரயில் ஏறுவது நியாயமில்லை.

டிரான்சிஸ்டரில் ஒரு பொறி இருக்கிறது. பி.சி. 547 கிடைக்காவிட்டால் கடைக்காரர் 2 என் 3904-ஐக் கொடுப்பார். வேலை ஒன்றுதான். ஆனால் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 547-க்கு இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ்! இதைக் கவனிக்காமல் மாட்டிவிட்டு, வரைபடம் தப்பு என்று வரைந்தவரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

பற்றவைப்பதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். தகரக் கொல்லர் உபயோகிக்கும் ஆசிட் கூடவே கூடாது. ஆறு மாதத்தில் கம்பியைத் தின்றுவிடும். ஈயத்தை முனையில் உருக்கிச் சொட்ட விடாமல், இணைப்பைச் சூடாக்கி அதன் மேல் ஈயத்தை ஓட விட வேண்டும். ஆறிய பிறகு பளபளவென்று இருந்தால் நல்ல பற்று. மங்கிப் பொரிந்திருந்தால் மறுபடியும் வைக்க வேண்டியதுதான். வேலை செய்யாத கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இந்தப் பற்றில்தான்.

பிரிண்டட் பலகை இல்லாவிட்டாலும் கவலை இல்லை. செம்புத் தகடு ஒட்டிய வெறும் பலகையை வாங்கி, பூமி இணைப்புகளை எல்லாம் தகட்டிலேயே பற்றவைத்து, மற்ற உறுப்புகளை அந்தரத்தில் கால் மேல் கால் போட்டு இணைக்கலாம். பார்வைக்குக் குருவிக்கூடு மாதிரி இருக்கும். வேலை மட்டும் நன்றாகச் செய்யும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ரேணிகுண்டா வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏற ஏறக் காயில் விரியும். ஸ்டேஷன் நகர்ந்துகொண்டே போகும். வாஷர் காயிலைச் சூடாகும் உறுப்புகளுக்கு எட்டத்தில் வைத்து, மூடி போட்ட சிறு டப்பாவுக்குள் அடைத்து, கருவியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கேட்கத் தொடங்கினால் ஓரளவு நிலைக்கும். மே மாதத்தில் அதுவும் நிச்சயமில்லை.

உரிமம் வந்து டிரான்ஸ்மிட்டர் கட்டும்போது, முதல் சோதனையை ஏரியலில் செய்யாதீர்கள். 220 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர்கள் நான்கைப் பக்கவாட்டில் சேர்த்தால் 55 ஓம் ஆகும். 8 வாட் வரை தாங்கும். அதுவே பொய் ஏரியல். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் உதவாது. அதுவே ஒரு காயில் ஆகிவிடும். ஐ.ஆர்.எஃப். 510-இன் உலோக முதுகில் மின்சாரம் இருக்கும் என்பதால், அதற்கும் சூடு தாங்கும் தகட்டுக்கும் நடுவில் மைக்கா வைக்க மறந்தால் கண் எதிரிலேயே புகைந்துவிடும். மலிவான சாமான்தான். இருந்தாலும் வயிறு எரியும்.

ஏரியலும் வீட்டுக்காரரும்

7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏரியல் என்பது மொத்தம் 20 மீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி. நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்டி, வெட்டிய இடத்திலிருந்து கேபிள் இறக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு இதில் பாதி போதும். சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். லைன் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் சம்மதம் வாங்குவதுதான் அரசாங்கப் பரீட்சையைவிடக் கடினம். 'துணி காயப்போடும் கம்பிதான் ஐயா' என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். பிறகு உண்மை தெரிந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்வார்.

மின்சாரக் கம்பிக்கு மேலோ கீழோ ஏரியல் கம்பியை வீசக் கூடாது. ரயில்வே குடியிருப்புகளில் இருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பாதைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். தொடவே வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் ஏரியலைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவது உத்தமம்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை இரைச்சல். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சிற்றலையில் 'கொர்' என்று கத்துகின்றன. கருவியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். நிற்காவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கிறான்.

கண்ணெதிரே ஆயிரம் ஏரியல்

ஏரியலைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்குத் திருப்பதி–சித்தூர் சாலையே ஒரு பாடசாலை. வழியில் காதங்கியில் மத்திய விண்வெளித் துறையின் வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அமைத்த ராடாரில் 1,024 ஏரியல்கள், 32 வரிசை, வரிசைக்கு 32 என்று சதுரமாக நடப்பட்டன. வானத்தை நோக்கி 53 மெகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பி, மேல்காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அளப்பது அதன் வேலை. அந்த ஏரியல்கள் ஒவ்வொன்றும் 'யாகி' வகை. மொட்டைமாடியில் டி.வி.க்காக நட்டோமே, குறுக்குக் குழாய்கள் வைத்த அந்த அலுமினியச் சாமானின் இனந்தான். ஜப்பானியப் பேராசிரியர்கள் உடாவும் யாகியும் 1920-களில் உலகுக்குத் தந்தது.

இன்னொரு பெருமையும் நம் பக்கத்துக்கு உண்டு. திருப்பதியிலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005-ஆம் ஆண்டு மே 5-ந்தேதி கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், கார்ட்டோசாட்–1 என்ற பெரிய செயற்கைக்கோளோடு, நாற்பது கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு சிறு கோளையும் சுமந்து சென்றது. 'ஹாம்சாட்' என்ற அந்தச் சிறு கோள் முழுக்க முழுக்க ஹாம்களுக்காகவே. கீழிருந்து அனுப்பும் குரலை வாங்கி வேறொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் ஹாலந்து நாட்டு மாணவர் ஒருவர்! இரண்டு ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்த்த கோள், 2014 ஜூலையில் பேட்டரி ஓயும்வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

போர்ட் பிளேரில் அந்த நாள்

இதெல்லாம் வேலையற்ற வேலை என்று நினைப்பவர்கள் 2004 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அந்தமான் சென்றிருந்தது. போனது பொழுதுபோக்குக்காகத்தான். அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலித்துப் பல காலம் ஆகிவிட்டதால், அங்கிருந்து பேசினால் உலக ஹாம்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் கொடுப்பார்கள்.

26-ந்தேதி காலை நிலம் நடுங்கியது. கடல் பொங்கியது. தொலைபேசி செத்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கிற ஊர் போர்ட் பிளேர். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இந்தக் கரையில் தவித்தவர்கள் எத்தனை பேர்! விளையாட்டாகக் கொண்டுபோன அந்தக் கருவிதான் அன்று செய்தியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. நலமாக இருக்கிறோம் என்ற ஒரு வரி பல வீடுகளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நம் பகுதியும் ஆபத்துக்கு வெளியே இல்லை. 2021 நவம்பரில் பெய்த பேய்மழையில் திருப்பதி வீதிகள் வெள்ளக்காடாயின. திருமலை மலைப்பாதை மூடப்பட்டது. கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை 19-ந்தேதி உடைந்து, ராஜம்பேட்டை–நந்தலூர் பக்கம் ரயில் பாதையே அடித்துச் செல்லப்பட்டது. ஒரு காலத்தில் இத்தகைய நாட்களில் ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் தந்திக் கருவி 'கட் கட' என்று பேசிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால் அதுவும் நிற்கும் என்பது வேறு விஷயம். பொதுமக்களுக்கான தந்திச் சேவையும் 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் நம் சட்டைப்பையில் இருப்பது வெறும் விளக்கு. ஒரு பேட்டரி, இருபது மீட்டர் கம்பி, 6 வாட் கருவி, அதை ஓட்டத் தெரிந்த ஒரு மனிதர் — இவை ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்தால் என்ன நஷ்டம்?

உரிமம்

பன்னிரண்டு வயது நிரம்பிய இந்தியர் எவரும் பரீட்சை எழுதலாம். பட்டம் தேவையில்லை. வானொலித் தத்துவம் கொஞ்சம், விதிமுறைகள் கொஞ்சம், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தால் தேறிவிடலாம். மத்திய தகவல்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சை இது. 'சரள் சஞ்சார்' என்ற இணையவாசலில் விண்ணப்பிக்க வேண்டும். மோர்ஸ் தெரியாதவர்களும் கீழ்நிலைச் சான்றிதழ் பெறலாம். மோர்ஸைக் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்பதை 2003-ல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. இருந்தாலும் தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் யாராவது தெருவில் இருந்தால் விடாதீர்கள். அவர்களிடம் கற்ற மோர்ஸ், குரல் எட்டாத இரைச்சலிலும் எட்டும்.

பரீட்சை தேறி, விசாரணை முடிந்து, உரிமம் கைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். ரிசீவரைக் கட்டி முடித்து, காலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸில் காது கொடுங்கள். தமிழும் தெலுங்கும் மலையாளமும் மாறி மாறிக் கேட்கும். யார், எந்த ஊர், எத்தனை மணி, எவ்வளவு தெளிவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருட்டிய பிறகு அதே இடத்தில் பக்கத்து ஊர்க்காரர் மறைந்து, தூரதேசத்துக் குரல்கள் வரத் தொடங்கும்.